இருபத்து நான்கு பேர் சேர்ந்த இதயம்

ஈப்போவில் உயிரியல் கற்பிக்கும் டோரிஸ், சுங்காய் தேவாலயத்தின் குடும்ப விழாப் போட்டிக்காக இருபத்து நான்கு உறவினர்களை வைத்து ஓர் இதயம் செய்தாள். சிவப்புச் சட்டை போட்ட ஒவ்வொருவரும் ஓர் உயிரணு. ஆறு பேர் கைகோத்தால் திசு. நான்கு திசுக்கள் வளைந்து நின்றால் இதயம் என்ற உறுப்பு. இரண்டு பக்கமும் துணிகளை ரத்தக் குழாய்களாக நீட்டிப் பிடித்தால் ரத்த ஓட்ட மண்டலம்.

திசுவிலேயே சிக்கல் வந்தது. டோரிஸின் கணவர் லியோனார்டும் அவள் தம்பி எரிக்கும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு கிறிஸ்துமஸ் அன்று லியோனார்ட் சமைத்த கோழிக்கறியை, ஆஸ்பத்திரிக் கறி மாதிரி இருக்கிறது என்று எரிக் சொல்லிவிட்டான்.

“அவன் கையப் பிடிக்க மாட்டேன் லா. நான் தனி உயிரணுவாவே இருந்துக்கிறேன்” என்றார் லியோனார்ட்.

“தனியா துடிச்சா ஒரு சொட்டு ரத்தம்கூடத் தள்ள முடியாதுங்க” என்று சொல்லி, இருவர் மணிக்கட்டையும் தன் துப்பட்டாவால் சேர்த்துக் கட்டினாள் டோரிஸ்.

விழா அன்றும் அந்தக் கட்டு அப்படியே இருந்தது. உறவுக்காரப் பையன் ஜெரமி மேளம் அடிக்க, இதயம் அழகாகச் சுருங்கி விரிந்தது. கூட்டம் கைதட்டியது. அப்போது பின்னாலிருந்த செம்பனைத் தோட்டத்திலிருந்து ஓர் உடும்பு மண்டபத்துக்குள் வந்தது. முதலில் பார்த்தவன் ஜெரமி. பயத்தில் அவன் கை வேகமெடுத்தது. காரணம் தெரியாத இதயமும் படபடவென்று துடித்தது. பிறகு எல்லோரும் பார்த்தார்கள். உறுப்பு திசுக்களாகி, திசுக்கள் உயிரணுக்களாகி, அத்தனை உயிரணுக்களும் நாற்காலிகள் மேல் ஏறிவிட்டன.

லியோனார்ட் தூணுக்கு இடப்பக்கம் ஓடினார், எரிக் வலப்பக்கம். துப்பட்டா விடவில்லை. இருவரும் தூணைச் சுற்றி வந்து நெஞ்சோடு நெஞ்சு மோதி நின்றார்கள். உடும்பு அவர்கள் காலடியில் படுத்துக்கொண்டது.

“மச்சான், அசையாதீங்க” என்று கிசுகிசுத்தான் எரிக்.

“நான் அசையல. உன் தொப்பதான் அசையுது.”

எரிக் உடும்பின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் குரலை இன்னும் தாழ்த்தினான்.

“அன்னைக்குக் கறி நல்லாத்தான் இருந்துச்சு மச்சான். மூணு தட்டு சாப்பிட்டேனே.”

“தெரியும். எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

உடும்பு சலித்துப்போய் வெளியேறியது. நடுவரான ஜெயபாலன், ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரி ஊழியர். மாரடைப்பை இவ்வளவு தெளிவாக யாரும் நடித்து அவர் பார்த்ததில்லையாம். முதல் பரிசு இவர்களுக்கே என்று அறிவித்தார். டோரிஸ் மறுத்துச் சொல்லத்தான் ஒலிவாங்கியை வாங்கினாள். முதல் பரிசாக மேசை மேலிருந்த புதுச் சோற்றுப் பானையைப் பார்த்தாள்.

“அந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் ஒரு மாசம் பயிற்சி எடுத்தோம்” என்றாள்.