தோளுக்குச் சொன்னது

என் கணவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் உடும்பு. பிடித்தால் விடமாட்டேனாம். சண்டையானாலும் சரி, தள்ளுபடிக் கூட்டத்தில் எடுத்த போர்வையானாலும் சரி, கை வைத்தால் வைத்ததுதான். அந்தப் பெயரைக் கொஞ்சம் பெருமையாகவே சுமந்துகொண்டிருந்தேன், பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் என் பையைப் பிடித்து இழுக்கிற வரைக்கும்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தான். வேறு யாராக இருந்தாலும் போய்த் தொலை என்று விட்டிருப்பார்கள். நான் விடவில்லை. ஓடுகிற வண்டியோடு கொஞ்ச தூரம் நானும் தரையில் தேய்ந்துகொண்டே போனேன். கடைசியில் அவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிப் பையைப் பிடுங்கிக்கொண்டான். உள்ளே இருந்தது கழுவாத சாப்பாட்டு டப்பாவும் கம்பி உடைந்த குடையும். திறந்து பார்த்தபோது அவன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கு எனக்குச் சிரிப்பு வருகிறது.

அப்போது சிரிக்க முடியவில்லை. முழங்கால் காயம் ஆறியது, மணிக்கட்டு வீக்கம் வற்றியது. வலது கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை.

எனக்குச் சோறு போடுவது அந்தக் கைதான். கண்ணாடிக் கடையில் பழுதுபார்க்கிற மேஜை என்னுடையது. லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது, மூக்கில் அழுத்துகிற பட்டைகளை மாற்றுவது, காதில் மாட்டும் கம்பிக்கு ஸ்க்ரூ போடுவது எல்லாம் நான்தான். அந்த ஸ்க்ரூ எள்ளளவு இருந்தால் பெரிது. ட்வீசரால் எடுத்துத் துளையில் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருக வேண்டும். கீழே விழுந்தால் போனது போனதுதான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் கீழே போட்ட ஸ்க்ரூக்களைப் பெருக்கி எடுத்தால் தனியாக ஒரு கடையே வைக்கலாம்.

டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார். "நரம்பெல்லாம் நல்லா இருக்கும்மா. பயம்தான். பயம் தெளிஞ்சா நடுக்கமும் நின்னுடும்," என்றார்.

"எப்ப தெளியும் டாக்டர்?"

"அது உங்க கையிலதான் இருக்கு."

"அந்தக் கைதானே டாக்டர் நடுங்குது," என்றேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

எங்கள் முதலாளி தங்கமான மனிதர். யார் மனமும் நோகக் கூடாது என்று பேசுவதில் பாதியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வார். "கொஞ்ச நாளைக்கு கவுண்டர்ல நில்லுங்கம்மா, கைக்கும் ஓய்வா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். என் குட்டி ஸ்க்ரூடிரைவர்களை அவற்றின் துணியுறையோடு சுருட்டித் தன் இழுப்பறையில் வைத்துக்கொண்டார். வருஷக் கடைசி வரை பார்ப்பாராம். சரியாகவில்லை என்றால் மேஜைக்கு வேறு ஆள் எடுக்க வேண்டியதுதானாம். அதையும் அவர் முழுசாகச் சொல்லவில்லை. நானே மீதியை நிரப்பிக்கொண்டு, கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். என்னைப் போய்க் கவுண்டரில் நிறுத்தினால் கடை உருப்படுமா? இருக்கிற ஃப்ரேமையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிய ஓர் அம்மாளிடம், "ஃப்ரேம்தாங்க மாறும், மூஞ்சி அதேதான் இருக்கும்," என்று சொல்லிவிட்டேன். அவர் போனவர் போனவர்தான்.

இந்த நேரத்தில்தான் என் நாத்தனார் வந்து சேர்ந்தாள். அவளுக்கு நான் வைத்த பெயர் ரேடியோ. காரணம் சொல்லத் தேவையில்லை.

"அண்ணி, மரச்சாமான் கடை மாடியில தாய்ச்சி சொல்லித் தர்றாங்க. சீனாக்காரங்களோட சண்டைக் கலை. தற்காப்புக்கும் ஆச்சு, உடம்புக்கும் ஆச்சு. எனக்கு முட்டி வலி போன இடம் தெரியல. நாளைக்கு நீங்களும் வர்றீங்க."

என் கணவர் செய்தித்தாளை இறக்கினார். "தாய்னு சொல்லி வாய மூடறதுக்குள்ள சீன்னு சொல்றாங்களே, இது என்ன கலை?"

அவர் கிண்டல் செய்ததால்தான் போனேன். இல்லாவிட்டால் போயிருக்க மாட்டேன்.

சண்டைக் கலை என்றால் பறந்து பறந்து உதைப்பார்கள் என்று நினைத்துப் படியேறினால், அங்கே எல்லோரும் தண்ணீருக்குள் நிற்பவர்கள் மாதிரி மெல்லக் கையைத் தூக்கி மெல்ல இறக்கிக்கொண்டிருந்தார்கள். மரத்தரை, வார்னிஷ் வாசனை, ஜன்னல் வழியாக இளவெயில். மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். பகலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள். அதனால் பாடத்தின் நடுவில் கிளட்ச்சும் பிரேக்கும் வந்துவிடும்.

"எடைய வலது காலுக்கு மாத்துங்க. மெதுவா. கிளட்ச்ச பட்டுனு எடுத்தா வண்டி நின்னுடும்ல?" என்பாள். யாராவது விறைத்துக்கொண்டு நின்றால் அறையின் அந்தக் கோடியிலிருந்தே, "விடு... விடு..." என்பாள்.

அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் பையை இழுத்த நாளிலிருந்து அக்கம்பக்கம், உறவு, ஒட்டு எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். விட்டிருக்கலாம்ல, பையைத்தானே கேட்டான், விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே. காசு கொடுத்து இங்கேயும் வந்து அதையே கேட்க வேண்டுமா என்று இருந்தது.

ஆனாலும் போனேன். அதற்குக் காரணம் தள்ளுகைப் பயிற்சி. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டி, ஒருவரை ஒருவர் மெல்லத் தள்ளி நிலைகுலைய வைக்க வேண்டும். எனக்கு ஜோடி ரேடியோ. கல்யாணமான நாளிலிருந்து அவளை ஒரு தள்ளு தள்ள வேண்டும் என்று எனக்கு எத்தனையோ தடவை தோன்றியிருக்கிறது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். இப்போது மாஸ்டரே தள்ளச் சொல்கிறாள். என் மாமியாரிடம் அவள் போட்டுக்கொடுத்ததற்கு ஒரு தள்ளு, அவள் கல்யாணத்தில் நான் முகம் கொடுத்துப் பேசாததற்கு அவள் ஒரு தள்ளு. விழப்போனால் முழங்கையைப் பிடித்துத் தாங்கிக்கொள்வோம். வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டு பேருக்கும் மனசு லேசாக இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, சாப்பாடும் நன்றாக இறங்கியது, படுத்தவுடன் தூக்கமும் வந்தது.

பிறகு மணிக்கட்டுப் பிடியைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒருவர் இறுக்கிப் பிடிக்க வேண்டும், மற்றவர் இழுக்காமல், முரண்டு பிடிக்காமல் கையை வெளியே கொண்டுவர வேண்டும். முதல் நாள் ரேடியோ பிடித்ததுமே என் கை வெடவெடவென்று ஆடியது. கண்ணை மூடிக்கொண்டேன். தூரத்தில் மாஸ்டர் "விடு" என்றாள். அடுத்த நொடி என் கை வெளியே இருந்தது.

எனக்கே நம்ப முடியவில்லை. மறுபடியும் பிடித்தாள். மறுபடியும் "விடு". மறுபடியும் கை வெளியே. அந்த வாரம் முழுக்க இதுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் சமையலறையில் என் கணவரிடம் கையை நீட்டினேன். "பிடிங்க பாக்கலாம். எவ்வளவு பலம் இருக்கோ அவ்வளவும் போட்டுப் பிடிங்க."

பிடித்தார். நான் கண்ணை மூடினேன், காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இழுத்தேன், திருகினேன், கடைசியில் அவர் காலை மிதித்தேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

"அந்தச் சீனாக்காரன் பால் பொங்கறதுக்கு ஏதாவது சொல்லியிருக்கானா?" என்று கேட்டார் அவர், காலைத் தேய்த்துக்கொண்டே. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கை முன்னைவிட அதிகமாக நடுங்கியது. வருஷக் கடைசிக்கு வெகு நாள் இல்லை.

மறுநாள் காலை வகுப்பில் ரேடியோவை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனேன். "உண்மைய சொல்லு. இத்தன நாளும் நீயாத்தான் கைய எடுத்தியா?"

"ஆமா அண்ணி," என்றாள் வெள்ளந்தியாக. "மாஸ்டர்தான் விடு விடுன்னு கத்தறாங்களே. பிடிச்சிருக்கறது நான். அப்ப விட வேண்டியதும் நான்தானே?"

தலையில் அடித்துக்கொண்டேன். விஷயம் மாஸ்டரின் காதுக்குப் போனதும் அவள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, நான் என்னைக்காவது உங்கள விடுன்னு சொல்லியிருக்கேனா? உங்களுக்குச் சொல்றதா இருந்தா விடுங்கன்னு சொல்லமாட்டேனா? அது தோளுக்குச் சொன்னது. தோளுக்கெல்லாம் மரியாதை கொடுத்துட்டு இருக்க முடியுமா?"

பிறகு எழுந்து வந்து என் மணிக்கட்டை அவளே பிடித்தாள். நல்ல இரும்புப் பிடி. என் தோள் காது வரைக்கும் ஏறிவிட்டது.

"பாருங்க, நான் பிடிச்சிருக்கறது கைய மட்டும்தான். தோளையும் கழுத்தையும் பல்லையும் பிடிச்சிட்டு இருக்கறது நீங்க. நான் எப்ப விடுவேன்னு காத்துட்டு இருந்தா நாள் பூரா நிக்க வேண்டியதுதான். உங்ககிட்ட இருக்கறத நீங்க விடுங்க. தோள், முழங்கை, மூச்சு. அப்புறம் என் கட்டைவிரல் பக்கமா திருப்புங்க. பிடியில அங்கதான் வாசல்."

விட்டிருக்கலாம்ல என்று சொன்னவர்கள் நிறைய. எதை, எப்படி விடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அன்றிலிருந்து ரேடியோ நிஜமாகவே பிடித்தாள். "வலிச்சா அண்ணன்கிட்ட சொல்லக் கூடாது," என்று முன்கூட்டியே வாக்கு வாங்கிக்கொண்டாள். சில நாள் கை வெளியே வந்தது, பல நாள் வரவில்லை. பேருந்தில், கவுண்டரில், துணி மடிக்கும்போதெல்லாம் தோளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி "விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைக்கு வருகிறவர்களிடம் கூடக் கொஞ்சம் இதமாகப் பேச ஆரம்பித்திருந்தேன். நடுக்கம் குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது. இழுப்பறையைத் திறந்து பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

வருஷம் முடிகிற சமயம். முதலாளி லென்ஸ் எடுத்துவர வெளியே போயிருந்தார். கனத்த சரீரத்தோடு ஒருவர் கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு கையில் கண்ணாடி, மறு கையில் அதன் காதுக் கம்பி.

"நான் ஸ்கூல் தலைமை ஆசிரியர்மா. இப்ப ஆண்டு விழா. இன்னும் கொஞ்ச நேரத்துல மேடையில அறிக்கை படிக்கணும். இது இல்லாம எனக்கு எழுத்தும் தெரியாது, மேடைப் படியும் தெரியாது."

"ஸ்க்ரூ விழுந்திருக்குங்க சார். முதலாளி வந்ததும் போட்டுத் தருவாரு," என்று சொல்லிக் கண்ணாடியை எடுத்து உள்ளே வைக்கத் திரும்பினேன். அவர் பதறிப்போய் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அதே கை, அதே இடம். தோள் விறுவிறுவென்று மேலே ஏறியது. உள்ளே இருந்த உடும்பு, இழு இழு என்றது.

"விடு," என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது.

தோள் இறங்கியது. முழங்கை இறங்கியது. நின்றிருந்த மூச்சு வெளியே போனது. கட்டைவிரல் பக்கமாகத் திருப்பினேன், கை வந்துவிட்டது. பிடிமானம் போனதும் மனிதர் அப்படியே கவுண்டர் மேல் சாய்ந்தார். அவர் முழங்கையைத் தாங்கி நிறுத்தினேன். ரேடியோவைத் தாங்கிப் பழகின கையல்லவா.

அவருக்குப் பிடி நழுவினதில் வருத்தமில்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது வேறொன்றுக்காக. "யாரப் பாத்தும்மா விடுன்னு சொன்ன? என் சர்வீஸ்ல ஒருத்தர் என்னை அப்படிப் பேசினதில்ல."

"ஐயோ, உங்கள இல்லீங்க சார். தோளுக்குச் சொன்னேன்."

"யார் தோளுக்கு?"

"என் தோளுக்குத்தான் சார். உங்களுக்குச் சொல்றதா இருந்தா விடுங்கன்னு சொல்லியிருப்பேனே."

அவர் சற்று யோசித்தார். "முன்னிலை ஒருமை," என்று தலையாட்டினார். "தோளுக்குன்னா சரிதான்." பிறகு குரல் தணிந்தது. "நானும் கையப் பிடிச்சிருக்கக் கூடாதும்மா. கண்ணாடி இல்லன்னா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. மனசுல வெச்சுக்காத."

நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கவுண்டர் மேல் கிடந்தது. இப்போது ஆரம்பிக்கும், இதோ ஆரம்பிக்கும் என்று காத்திருந்தேன். அது பாட்டுக்கு சும்மா கிடந்தது.

முதலாளியின் இழுப்பறையைத் திறந்து துணியுறையை எடுத்தேன். மேஜையில் தூசி படிந்திருந்தது, துடைத்தேன். விளக்கைப் போட்டேன். ட்வீசர் நுனியில் ஸ்க்ரூவை எடுத்துத் துளைக்கு நேரே கொண்டுபோனபோது, வழக்கம் போல மூச்சைப் பிடிக்கப் போனேன். பிடிக்கவில்லை, விட்டேன். ஸ்க்ரூ உள்ளே போய் உட்கார்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால் திருகி முடிக்கத்தான் கொஞ்ச நேரமானது.

தலைமை ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவரில் இருந்த பார்வைப் பரிசோதனை அட்டையின் கடைசி வரியை வகுப்புக்கே கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார். அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். திறந்திருந்த இழுப்பறையைப் பார்த்தார், மேஜை விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேஜைக்கு ஒருத்தர நாளைக்கு வரச் சொல்லியிருந்தேன்மா, இனிமே அவருக்கு..." என்று ஆரம்பித்தார். மீதியை அன்றைக்கு நான் சந்தோஷமாக நிரப்பிக்கொண்டேன்.

பழக்க தோஷத்தில் மேஜை மேல் கிடந்த துணியுறையைச் சுருட்டி எடுக்கக் கையை நீட்டினார்.

"விடுங்க சார்," என்றேன். "இங்கயே இருக்கட்டும்."

அவர் விட்டார்.