விதைக்கப்பலின் கடைசிச் சொல்

புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, ஒரு கையில் மிளகாய் பஜ்ஜித் தட்டும் மறு கையில் லேப்டாப்புமாகக் கோதை கூடத்துக்கு வந்தாள். அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள் என்றால் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. நடையிலேயே தெரிந்துவிடும்.

"போன் எல்லாம் இந்த டப்பாவுல போடுங்க," என்றாள். "மொத ரெண்டு எபிசோடு முடியற வரைக்கும் யாரும் சிரிக்கக் கூடாது. சிரிச்சா பஜ்ஜி கெடையாது."

"மூணாவதுல சிரிக்கலாமா?" என்று கேட்டாள் பவ்யா.

"மூணாவதுல உனுக்கு சிரிப்பு வராது."

திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் மூன்று பேரும் சேர்ந்து குடியிருந்தார்கள். மூவருக்கும் ஸ்ரீசிட்டியில் ஒரே கம்பெனி, இந்த வாரம் ஒரே ஷிஃப்ட். கோதைக்கு ஊர் நகரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கே தெரியாது. பவ்யா ஏர்பேட்டுக்காரி. தாய்மொழி தெலுங்கு, நாலு வருடமாகக் கோதையோடு இருந்ததில் தமிழும் ஒட்டிக்கொண்டது. பிரித்திகா மன்னார்குடியிலிருந்து வந்தவள், மூவரில் சின்னவள். தமிழ்ப் பாடத்தில் பள்ளிக்கே முதலாக வந்ததை மாதம் ஒரு முறையாவது சொல்லிக்காட்டாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. இப்போது அவளுக்கு ஓசூரில் வேறு வேலை கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள்.

கோதையின் அவசரம் அதுதான். ஒன்பது எபிசோடு, ஐந்தே நாள்.

அவளுக்குப் பதினாலு வயதில், ஒரு தமிழ் சேனலில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு 'விதைக்கப்பல்' என்று ஒரு தொடர் வந்தது. பூமி வறண்டுபோன பிறகு, விதை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வேறொரு கிரகத்துக்குப் போகிற கப்பல். பெரியவர்கள் எல்லாரும் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் நீண்ட உறக்கத்தில் இருக்கிறார்கள். ஏதோ கோளாறில் ஒரே ஒரு பெண் மட்டும் பாதி வழியில் விழித்துக்கொள்கிறாள். பெயர் மின்னி, வயது பதிமூன்று. அவளுக்குப் பேச்சுத்துணை கப்பலின் குரல் மட்டும்தான். ஒன்பது வாரம் ஓடியது. பத்தாவது வாரம் அதே நேரத்துக்கு ஒருவர் நகைக்கடையில் நின்றுகொண்டு நெக்லஸ் காட்டிக்கொண்டிருந்தார். ஏன், எதற்கு என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நெக்லஸ்காரரைக் கோதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்தத் தொடரைப் பார்த்த இன்னொரு ஆளை அவள் சந்தித்ததே இல்லை. நகரியில் அவளோடு படித்தவர்கள் வீட்டிலெல்லாம் அந்நேரம் தெலுங்கு சேனல்தான் ஓடும். சித்தூரில் டிகிரி படித்தபோது ஹாஸ்டலில் ஒன்பது வாரக் கதையையும் கை கால் ஆட்டிச் சொன்னாள். ரேகா என்றொருத்தி முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லா கட்டி உட்ற கோதை, அப்டி ஒரு சீரியலே வர்ல," என்றாள். விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனாலும் அதன்பிறகு கோதை ஹாஸ்டலில் அந்தக் கதையை எடுக்கவே இல்லை. மனசு நிறைய வைத்திருக்கிற ஒன்று உண்மையில் இருந்தது என்று சொல்ல ஒரு சாட்சிகூட இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய தனிமை என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

போன மாதம்தான் இணையத்தில் அகப்பட்டது. யாரோ ஒரு புண்ணியவான் பழைய பதிவுகள் ஒன்பதையும் ஏற்றிவைத்திருந்தார். நாற்பத்தொரு முறை பார்க்கப்பட்டதாகக் காட்டியது. அதில் பாதிக்கு மேல் கோதையே பார்த்தது.

பிரித்திகா போவதற்குள் இருவரையும் பார்க்க வைத்துவிட வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது, பிடிக்கவும் வேண்டும். விதைக்கப்பலைப் பற்றிப் பேசுவதற்கு இந்த உலகத்தில் அவளுக்கு ஓர் ஆள் வேண்டும். வாயைத் திறந்து சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும் என்பதால் அவள் பஜ்ஜி போட்டாள்.

முதல் எபிசோடு ஓடத் தொடங்கியதும் பவ்யா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். கப்பலின் சுவரெல்லாம் பளபளவென்று மின்னியது.

"கோதை, அது பிரியாணி பார்சல் கட்ற பேப்பர்தானே?"

"பேசாம துன்னு."

"அக்கா, அந்த நட்சத்திரம் மட்டும் ஆடுது," என்றாள் பிரித்திகா.

"ஃபேன் காத்துல ஆடுது. நீ மூஞ்சப் பாரு, நட்சத்திரத்தைப் பாக்காத."

அன்றைக்கு இரண்டு முடிந்தன. மறுநாள் பவ்யாவுக்குத் திடீரென்று தலைவலி வந்தது. கோதை மாத்திரையும் டீயும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, லேப்டாப்பை அவள் கட்டிலுக்கே நகர்த்தினாள். பிரித்திகா துணி மடிக்க வேண்டும் என்றாள். மடிக்க வேண்டிய துணியெல்லாம் கட்டிலுக்கு வந்து சேர்ந்தது. தப்பிக்க வழியில்லை.

மூன்றாவது எபிசோடில் மின்னி தன் அம்மாவின் கண்ணாடிப் பெட்டியைக் கண்டுபிடிக்கிறாள். பெட்டியைத் திறக்கலாம், ஆனால் கப்பலில் இருக்கிற காற்று விழித்திருக்கும் ஒரே ஒருவருக்குத்தான் போதும். அவள் திறக்கவில்லை. பெட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, இன்று என்ன சாப்பிட்டாள், எந்த விளக்கு கெட்டுப்போயிற்று என்று ஒவ்வொன்றாக அம்மாவிடம் சொல்கிறாள்.

பவ்யாவின் தலைவலி போன இடம் தெரியவில்லை. டீ ஆறிப்போயிருந்தது. "ஏமே, அம்மா லேவதா?" என்றாள். தமிழ் மறந்துபோனது. "எழுந்துக்கவே மாட்டாங்களா?"

சிரிப்பை மறைக்கக் கோதை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிரித்திகா மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கம்பெனி பஸ்ஸில் வரும்போதே அவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சனிக்கிழமை எட்டாவது முடிந்ததும் ஒன்பதாவதையும் போடச் சொல்லிப் பிரித்திகா கெஞ்சினாள். கோதை மறுத்துவிட்டாள். நல்லதைக் கொஞ்சம் காக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பிரித்திகாவின் கட்டிவைத்த பெட்டிகளுக்கு நடுவில் மூவரும் உட்கார்ந்தார்கள். கடைசி எபிசோடில் கப்பல் தலைவரின் பெட்டியில் விளக்கு அணைந்துவிடுகிறது. அவர் இனி எழுந்திருக்கப் போவதில்லை. கப்பல் வழி தவறிப் போய்க்கொண்டிருக்கிறது. மின்னி தலைவரின் அறைக்குள் வந்து நிற்கிறாள்.

"கப்பலுக்கு இப்போ தலைவர் இல்லையே," என்கிறாள்.

கப்பலின் கனத்த குரல் ஒரே ஒரு சொல் சொல்கிறது. "ஆகு."

"எப்படி?" என்கிறாள் மின்னி. அவ்வளவுதான். பெயர்கள் ஓடத் தொடங்கின.

கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எவ்ளோ அழகா முடிச்சிட்டாங்க பாத்தியா? தலைவரு போய்ட்டாரு, இனிமே போவ முடியாது, நின்னுடுன்னு கப்பலே சொல்லிடுச்சி. இவ எப்டி நிக்கறதுன்னு கேக்கறா. அத்தோட முடிஞ்சது. அதுக்கு மேல சொல்ல இன்னா இருக்குது?"

"அவுனு, ஆமா," என்று பவ்யா மூக்கை உறிஞ்சினாள். "பாவம் அந்தப் பொண்ணு."

பிரித்திகா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நின்னுடுன்னு எங்கக்கா சொல்லுச்சு?"

"ஆகுன்னு சொல்லிச்சே, கேக்கலியா?"

"கேட்டுச்சு. தலைவர் இல்லையேன்னு இவ சொல்றா. நீயே ஆகுன்னு அது சொல்லுது. நீயே தலைவி ஆகு. நிக்கறதுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

தெலுங்கில் ஆகு என்றால் நில். பஸ்ஸை நிறுத்த, ஓடுகிற பிள்ளையை நிறுத்த, பேசுகிறவர் வாயை அடக்க என்று நகரியில் நாளைக்கு நூறு முறை காதில் விழுகிற சொல். தமிழ் ஆகுவைக் கோதையின் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. அங்கே 'ஆவாது', 'ஆயிடும்' என்பதோடு சரி. பக்கத்து அறையில் பவர்லூம் தடதடக்க, டீவியை ஒட்டி உட்கார்ந்து கேட்ட பதினாலு வயதுக் காதுக்கு அந்தச் சொல்லில் ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது.

"ஆகுன்னா ஆகுதான்," என்றாள் பவ்யா, விட்டுக்கொடுக்காமல். "நிலுன்னு அர்த்தம்."

"தமிழ் சீரியல்ல கப்பல் எதுக்குத் தெலுங்கு பேசுது?"

"ஏன், நாங்க பேசலியா?" என்று கோதை சீறினாள். அவள் வரையில் அது நியாயமான பதில். பேசுகிற எல்லாரும் பாதிப் பாதியாகத்தான் பேசுவார்கள். கப்பல் மட்டும் என்ன விதிவிலக்கா? ஆனால் கோபமும் வந்தது. "நீ அஞ்சு நாளா பாக்கற. நான் பதினாறு வருசமா இத மனசுல வெச்சிக்கினு திரியறேன். எனக்கே சொல்லிக் குடுக்கறியா?"

"நீங்கதானேக்கா பாக்கச் சொன்னீங்க?"

பிரித்திகா இதைத் திமிராகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். கோதை லேப்டாப்பை இழுத்து அந்தக் கடைசிக் காட்சியை மறுபடி போட்டாள்.

முதல் தடவை ஒன்றும் புலப்படவில்லை. இரண்டாவது தடவை மின்னியின் கையைப் பார்த்தாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அந்தக் கை மெதுவாகப் போய்த் தலைவரின் நாற்காலி முதுகில் படிகிறது. இத்தனை வருடமும் கோதை, கப்பல் பேசும்போது மின்னுகிற விளக்கையே பார்த்திருந்தாள். மூன்றாவது தடவை மின்னியின் குரலைக் கேட்டாள். 'எப்படி?' என்பதில் அழுகை இல்லை. வேலை கற்றுக்கொள்ள வந்தவள் கேட்கிற மாதிரி இருந்தது.

பவ்யாவும் திரையை நோக்கிக் குனிந்திருந்தாள்.

"நீ சொல்றதுதான் சரி," என்றாள் கோதை.

தொடர் நின்றுபோன துக்கத்தை அவள் அந்த ஒரு சொல்லால்தான் தாங்கியிருந்தாள். கப்பலே நில் என்றது, அதனால் நின்றது. நெக்லஸ்காரரை மன்னிக்க முடியாவிட்டாலும் கதை முழுசு. இப்போது பார்த்தால் கதை முழுசே இல்லை. நடுவழியில் யாரோ பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பதினாறு வருடம் தாமதமாக அவளுக்கு அதற்காக அழ வேண்டியிருந்தது. அழுதாள். மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கமாக ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.

மூன்று மணிக்குப் பிரித்திகாவைப் பஸ் ஏற்றிவிடப் போனார்கள். சித்தூர், கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் போகிற பஸ். ஜன்னல் வழியாகப் பிரித்திகா, "கோவமாக்கா?" என்றாள்.

"உம்மேல இல்ல. நல்லா போய்ச் சேரு. போனதும் போன் பண்ணு."

வீட்டுக்கு வந்ததும் போர்ஷன் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. பவ்யா பால் காய்ச்சிக்கொண்டே அடுப்படியிலிருந்து கேட்டாள்: "அப்போ பத்தாவதுல என்ன நடந்திருக்கும்?"

கோதை திகைத்துப்போனாள். இந்தக் கேள்வியை அவள் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. முடிந்துபோனதாக நினைத்த கதைக்கு மேற்கொண்டு என்ன யோசிப்பது? இப்போது யோசித்தாள். மின்னி முதலில் கப்பலைத் திருப்புவாளா, காற்றைச் சரிசெய்வாளா? காற்றைச் சரிசெய்தால் அம்மாவை எழுப்பலாமே? "காத்துதான் மொதல்ல," என்றாள் பவ்யா. "இல்ல, வழி தெரியாம காத்த வெச்சிக்கினு இன்னா பண்ணுவா?" என்றாள் கோதை. டீ ஆறும் வரை பேசினார்கள். அழுத முகம் காய்ந்தே போய்விட்டது.

ஐந்து மணிக்குப் போன் அடித்தது. பிரித்திகா.

"அக்கா, சித்தூர் பஸ் ஸ்டாண்டு. பக்கத்து சீட்ல கமலம்மான்னு ஒருத்தவங்க. நீ ஏம்மா ஒரு மாதிரி இருக்கேன்னு கேட்டாங்க, ஒம்போது எபிசோடையும் சொல்லிட்டேன். இவங்க இங்க எறங்கணும், எறங்க மாட்டேங்கறாங்க. கண்டக்டர் கத்தறார்."

பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: "அந்தப் பொண்ணு தலைவி ஆனாளா இல்லியா, அத்த மட்டும் சொல்லுமா!"

"நான் என்னக்கா சொல்லட்டும்? அதோட நிறுத்திட்டாங்கன்னு சொல்லிடவா?"

அதுதான் உண்மை. அதைச் சொல்லிவிட்டால் அந்த அம்மா ஐயோ பாவம் என்று இறங்கிப் போய்விடுவார். கோதை எழுந்து நின்றாள்.

"ஆயிட்டா. ஆயிட்டான்னு சொல்லு."

"எப்படின்னு கேப்பாங்களே?"

"அவங்க நம்பர வாங்கிக்கினு எறக்கி உடு," என்றாள் கோதை. "நானே சொல்றேன்."