மூணு டன் கல்லு

கம்போங் ராஜாவுல பஸ் இறங்கி, மலைமேல எங்க தேயிலை எஸ்டேட்டுக்கு வந்தேன். வீட்டுக்குப் பின்னால போய்ப் பார்த்தேன். சரிவோட அடியில இருந்த பாறைங்க ஒண்ணுகூட இல்ல. வெறும் செம்மண்ணு, அதுல தண்ணி கசியுது. அதுக்குக் கீழதான் எங்க லைன், ஒன்பது வீடு.

"அப்பா! இங்க இருந்த கல்லெல்லாம் எங்க?"

அப்பா வேலப்பன் கொழுந்து மூட்டையை இறக்கிவச்சிட்டுச் சிரிச்சார். "உன் வேலைக்குத்தாம்மா. போன வாரம் கொன்ட்ராக்டர் லோரி கொண்டாந்தான். காகிதத்துல சசிரேகான்னு உன் பேரு! மேனேஜரும் சரின்னுட்டாரு. நான்தான் இடத்தைக் காட்டுனேன்."

ஐயோ கடவுளே! கடல் மட்டம் ஏறி, பேராக் கரையோரக் கம்பத்து ஊருங்களையெல்லாம் அலை அரிக்குது. அலையைத் தடுக்கக் கல்லணை டிசைன் பண்ணவ நான்தான். கல்லு ஒவ்வொண்ணும் மூணு டன்னுக்குக் குறையக் கூடாதுன்னு எழுதினவளும் நான்தான். அடிக்கல்லை உருவினா மேல உள்ளது சரியும்னு அங்க ஊருக்கே பாடம் எடுத்தேன்.

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"முனியாண்டியைக் கேட்டோம்லா"ன்னாங்க பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்கா. "சிவப்பும் வெள்ளையுமாப் பூ கட்டிப் போட்டோம். வெள்ளைதான் வந்துச்சு. உத்தரவு குடுத்துட்டாரு."

"சாமியைக் கேட்டீங்க, எனக்கு ஒரு போன் போட்டீங்களா? புத்தியை அடகு வச்சிட்டீங்களா?" கத்திட்டேன். மூணு நாளா மழை வேற. ஒவ்வொரு கதவாத் தட்டி, திட்டி, கையைப் பிடிச்சு இழுத்து, எல்லாரையும் மேட்டு மண்டபத்துக்கு ஏத்தினேன். அப்பா முனகிக்கிட்டே கடைசியா வந்தார்.

மத்தியானம் மூணு மணிக்கு மண்ணு இறங்குச்சு. எங்களோடது சேர்த்து நாலு வீட்டு அடுப்படி ஒரே மூச்சுல போயிடுச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகல.

அப்பவும் நான் விடல. "பாருங்க, யாரு செஞ்ச வேலை இது?"

அப்பா சட்டைப் பையிலேருந்து மடிச்ச காகிதத்தை எடுத்து நீட்டினார். என் காகிதம்தான். "ரெண்டு தடவை படிச்சேம்மா. எடை போட்டிருக்கு, வெடிப்பு இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. எங்க எடுக்கக் கூடாதுன்னு போடலியே."

வாங்கிப் பார்த்தேன். போடலதான்.

அணைக்கு இன்னும் எண்ணூறு கல்லு வரணும். எந்த மலையடியில லோரி நிக்குதோ, அதுக்குக் கீழ யாரு வீடோ. கொன்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். அவன் எடுக்கல.