இருநூற்றுப் பதிமூன்றாவது இணைப்பு

குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு எப்படி வருகிறது என்று யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷம் தாங்காது. பதினேழு வருடமாக எங்கள் ஊர்க் குடிநீர்ச் சங்கத்தின் தண்ணீர்க்காரன் நான்; ஒருவரும் கேட்டதில்லை. ஜூன் முதல் வாரத்தில் நெதர்லாந்திலிருந்து நின்கே என்ற பொறியியல் மாணவி கோடைப் பயிற்சிக்காகப் பேருந்தில் வந்து இறங்கினாள். முதுகுப்பையைக் கழற்றுவதற்கு முன்பே அவள் அதைக் கேட்டுவிட்டாள். அந்த நிமிடமே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

மழையில் நின்றபடியே சொன்னேன். மேயோ மாவட்டத்தில் எங்கள் கில்வோரனுக்கு அரசாங்கக் குழாய் வந்ததே இல்லை. ஊர்க்காரர்களே சங்கம் வைத்து, ஏரித் தண்ணீரை இழுத்து, மணலில் வடிகட்டி, குளோரின் கலந்து, பம்ப் வைத்து மேட்டுத் தொட்டிக்கு ஏற்றுகிறோம். பம்பின் வேலை அதோடு முடிந்தது. தொட்டி உயரத்தில், வீடுகள் தாழ்வில். தண்ணீர் தன் எடையாலேயே இருநூற்றுப் பன்னிரண்டு இணைப்புகளுக்கும் இறங்கிப் போய்விடும். ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு சின்ன மீட்டர். தொட்டியின் வாயில் ஒரு பெரிய மீட்டர். சின்ன மீட்டர்களையெல்லாம் கூட்டினால் பெரிய மீட்டர் காட்டுவது வர வேண்டும்.

"வருதா?" என்று கேட்டாள்.

"கிட்டத்தட்ட," என்றேன்.

தொட்டியிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று லட்சம் லிட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. வீடுகளில் பதிவானது இரண்டு லட்சம். மீதி எங்கே என்ற இடத்தில் சங்கத்தின் குறிப்பேட்டில் 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்துதான்.

நின்கேயின் பேராசிரியர் அவளுக்கு விதித்த வேலை இதுதான்: பத்து வாரத்துக்குள் அந்தத் தண்ணீர் போகும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், கணக்கில் வராதது நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் பயிற்சி செல்லாது. பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். அடுத்த கோடையில் வேறு ஏதாவது ஊரில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதை அவள் தங்கியிருந்த வீட்டுக்காரியும் சங்கத் தலைவியுமான அட்ராக்டாவிடம் சொன்னபோது, "அதெல்லாம் சரியாப் போயிடும் கண்ணு," என்றாளாம் அட்ராக்டா. எப்படிச் சரியாகும் என்று நின்கே கேட்டிருக்கிறாள். எங்கள் ஊரில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

முதல் இரண்டு வாரம் அவளுக்கும் எங்கள் ஊர்த் தேநீருக்கும் ஒத்துவரவில்லை. மீட்டர் பார்க்க வீடு வீடாகப் போனாள். தேநீர் வேண்டுமா என்று எல்லோரும் கேட்டார்கள். வேண்டும்போது வேண்டும் என்றாள். கோப்பை எடுக்கப் போன வீட்டுக்காரி, இந்தப் பெண் என்ன இப்படி என்ற முகத்தோடு திரும்பி வந்தாள். வேண்டாதபோது வேண்டாம் என்றாள். வீட்டுக்காரர்கள் இரண்டாம் முறை கேட்பதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருந்தாள். அது எப்படி வேலை செய்கிறது என்று நான்தான் விளக்கினேன். முதல் தடவை கேட்பது மரியாதைக்கு, வேண்டாம் என்பதும் மரியாதைக்கு. இரண்டாம் தடவை இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் எடை போட்டுக்கொள்கிறார்கள். மூன்றாம் தடவை கேட்பதுதான் கேள்வி, அதற்குச் சொல்வதுதான் பதில்.

நின்கே இதைக் குறிப்பேட்டில் மூன்று பெட்டிகள் வரைந்து, நடுவில் அம்புக்குறி போட்டு எழுதிக்கொண்டாள். மூன்றாவது வாரம் அவளுக்கு எடை கூடத் தொடங்கியது.

கசிவைத் தேடும் முறையும் அழகானது. ஊர் முழுக்கத் தூங்கும் மூன்று மணிக்கு யாரும் தண்ணீர் எடுப்பதில்லை. அப்போதும் பெரிய மீட்டர் ஓடினால் அது கசிவு. அதைத் தானாகக் குறித்துவைக்கும் சின்னக் கருவி ஒன்றை நின்கே கொண்டுவந்திருந்தாள். ஒவ்வோர் இரவும் ஊரின் ஒரு பகுதியை வால்வு வைத்து மூடிவிட்டு, காலையில் கருவி வரைந்த கோட்டைப் பார்த்தாள். எந்தப் பகுதியை மூடும்போது கோடு விழுகிறதோ, கசிவு அங்கே. ஜூலை நடுவில் கோடு விழுந்தது. ஃபெஸ்டி முல்கெரினின் பண்ணைச் சந்து. எண்ணூறு மீட்டர் குழாய்.

அந்தக் கோடை மழை முதல் வாரத்தோடு நின்றுவிட்டது. மேட்டுத்தெரு வீடுகளில் சாயங்காலமானால் குழாயில் காற்று மட்டும் வந்தது. நின்கே அந்தச் சந்தில் ஒரு வாரம் நடந்தாள். இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாய் மூடியில் வைத்து மறுமுனையில் காதை வைத்துக் கேட்டாள். எங்கேயோ உஸ்ஸென்றது, ஆனால் தரையில் ஈரமே இல்லை. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் பூமிக்குள் போனால் எங்காவது மேலே வந்தாக வேண்டும். சந்து முழுக்கப் புழுதி பறந்தது.

ஈரமாக இருந்த ஒரே இடம் சந்துக்குக் கீழே ஃபெஸ்டியின் சரிவு வயலில் இருந்த துவாலன் சுனை. அது புனிதரின் சுனை. அதை யாரும் ஈரமென்று எண்ணுவதில்லை.

முப்பத்தோரு வருடம் வறண்டு கிடந்த சுனை அது. இந்த வருடம் ஏப்ரலில், புனித வெள்ளிக்கு முந்தின நாள், தண்ணீர் பொங்கி வந்தது. ஊர் மணி அடித்தது. பக்கத்து மாவட்டத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து வந்தது. சுனைக்கு மேலே நின்ற முள்மரத்தில் வேண்டுதல் துணிகள் இலையைவிட அதிகமாகத் தொங்கின. கண்ணுக்கு அது கைகண்ட மருந்து என்று பெயர். கண்ணைக் கழுவினால் சுரீரென்று எரியும். எரிவதால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். அட்ராக்டா தினமும் போய் இலைகளை அள்ளிச் சுத்தம் செய்தாள். கணவர் போன பிறகு அவள் பாட்டு முணுமுணுத்து நாங்கள் கேட்டது அப்போதுதான். ஃபெஸ்டி வேலியை உடைத்து வண்டிகள் நிற்க இடம் செய்துகொடுத்தான். நானும் போய் என் கட்டைவிரல் மருவை நனைத்துவிட்டு வந்தேன். மரு விழுந்தது. அது உண்மை.

நின்கே அங்கே போனது ரொட்டி சாப்பிட நிழல் தேடித்தான். தண்ணீரைப் பார்த்தாள். பையிலிருந்து சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து நிரப்பினாள். அதில் ஒரு மாத்திரை போட்டுக் குலுக்கினால், தண்ணீரில் குளோரின் இருந்தால் ரோஜா நிறம் வரும். எவ்வளவு அதிகமோ அவ்வளவு சிவப்பு. பாறை வழியாக வந்ததில் குளோரின் கொஞ்சம் குறைந்திருந்தாலும் நிறம் வந்தது. எதிர்ப்பக்கம் மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஃபெஸ்டி, புனிதரின் தண்ணீர் ஒரு பெண்ணின் கையில் சிவப்பாக மாறுவதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிவிட்டான். நானும் அப்போது அங்கே போய்ச் சேர்ந்திருந்தேன். அவனுக்கு மாத்திரையைப் பற்றி விளக்கினேன். தொப்பியை மெதுவாகத் திரும்பப் போட்டுக்கொண்டான்.

நின்கே அவனிடம் கேட்டாள். "உங்க நெலத்துல குழாய் எங்கயாவது உடைஞ்சிருக்கா?"

"சேச்சே. அதெல்லாம் இல்ல தாயி."

அவள் ரொட்டியை ஒரு கடி கடித்தாள். குறிப்பேட்டில் ஒரு பெட்டியை நிரப்புவது தெரிந்தது. "சந்துப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டீங்களா?"

"காத்து அடிச்சா ஏதாவது கேக்கும். நம்ம ஊர்ல எப்பவும் காத்துதானே."

இன்னொரு கடி. இன்னொரு பெட்டி. "குழாய் உடைஞ்சிருக்கா, ஃபெஸ்டி?"

ஃபெஸ்டி மாட்டைப் பார்த்தான். மாடு உதவவில்லை.

"அந்த… அந்த ஓக் மரத்தடியில," என்றான் தடுமாறி. "சுனை பொங்கின மொத வாரத்துலயே சீறுற சத்தம் கேட்டுது. பாறை வெடிப்புல எறங்கி இங்க வந்து பொங்குது. நான் சொன்னதா மட்டும் சொல்லிடாத."

அன்று சாயங்காலமே சங்கக் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஆறு பேர், ஒரு தேநீர்க் கெட்டில். நின்கே எழுந்து நின்று தாள்களை அடுக்கினாள். எங்கள் ஊரில் இப்படி ஒரு செய்தியை ஆரம்பிக்க வேண்டுமென்றால் முதலில் வானிலை, பிறகு உடம்பு, பிறகு செத்துப்போன யாராவது ஒருவரைப் பற்றி நல்ல வார்த்தை. அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"உங்க சுனை சுனை இல்ல. அது உங்க குழாய்தான்."

ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் சர்க்கரையைக் கலக்கினார், சர்க்கரை போடாத கோப்பையில். நான் அட்ராக்டாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

கடைசியில் அவள்தான் பேசினாள். "எனக்கு ஏப்ரல்லயே தெரியும். நீச்சல் குளத்து வாசனை வந்துது."

நின்கே தாளைக் கீழே வைத்தாள். "அப்புறம் ஏன் சொல்லல?"

"ஃபெஸ்டி வேலியெல்லாம் உடைச்சு எவ்வளவு பாடுபட்டான். அவன் மனசு கஷ்டப்படுமே."

"நானா?" என்றான் ஃபெஸ்டி. "நீ பாட்டு பாடிட்டு இருந்தியே அட்ராக்டா. அதான் நான் வாயத் தொறக்கல."

மற்ற மூவரும் ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். ஒருவருக்கு மே மாதத்திலேயே தெரியும். பாதிரியாருக்குச் சங்கடமாகிவிடும் என்று பேசாமல் இருந்திருக்கிறார். பாதிரியார் தன்னிடமே சந்தேகமாகக் கேட்டதாகவும், ஊர்க்காரர்களின் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று அவரே முடித்துக்கொண்டதாகவும் இன்னொருவர் சொன்னார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை, மற்றவர்களுக்குத் தெரியாது என்று நம்பி, ஊரே நாலு மாதம் காப்பாற்றி வைத்திருந்தது.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தெரியும்," என்றேன். "குழாய் என்னோடது. எனக்குத் தெரியாம இருக்குமா?"

"நான் வந்த அன்னைக்கே உங்ககிட்ட கேட்டேனே, கோல்மன்," என்றாள் நின்கே.

"ஒரு தடவைதானே கேட்ட."

அவளுக்குக் கோபம் வந்தது. ஏழு வாரம் கம்பியில் காதை வைத்துக்கொண்டு புழுதியில் நடந்தவள். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

குழாயை அடைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. மேட்டுத்தெருவில் குழந்தைகளைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. ஆனால் ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு துவாலன் திருநாள். மூன்று பேருந்துகள் வருவதாக உறுதி சொல்லியிருந்தார்கள். சுனையை ஏழு தடவை சுற்றிவிட்டு வெறும் குழியில் கைவிடுவதா? தீர்வு சொன்னவள் நின்கேதான், அதுவும் கோபம் தீராமலே.

"ஒரு இணைப்பு குடுங்க. அரை அங்குலக் குழாய், ஒரு மீட்டர், ஒரு வால்வு. யார் வேணும்னாலும் தண்ணி எடுக்கலாம், கணக்குல வந்தா போதும்."

அட்ராக்டா விண்ணப்பத் தாளைத் தேடி எடுத்து, அங்கேயே நிரப்பினாள். உறுப்பினர் பெயர்: புனிதர் துவாலன். முகவரி: ஃபெஸ்டி முல்கெரினின் கீழ்வயல். இணைப்பு எண்: இருநூற்றுப் பதிமூன்று. மறுநாள் காலை ஓக் மரத்தடியில் தோண்டி, பிளந்துபோன குழாய்த் துண்டை மாற்றினோம். மேட்டுத்தெருவில் அன்று சாயங்காலம் குழாய்கள் இருமிவிட்டுத் தண்ணீர் கொட்டின. திருநாள் அன்று வால்வை நானே திறந்தேன். பலகையில் 'ஊர்க் குழாய்த் தண்ணீர்' என்று எழுதி வைத்தோம். வந்தவர்கள் படித்துவிட்டு, தலையாட்டிவிட்டு, கண்ணைக் கழுவிக்கொண்டு போனார்கள்.

நின்கே பட்டியலை அனுப்பியதும் பேராசிரியரிடமிருந்து கேள்வி வந்தது. இருநூற்றுப் பதிமூன்றாம் எண்ணில் 'புனிதர்' என்றிருக்கிறதே, அது வீடா, பண்ணையா, தொழிலா? சங்கம் இதற்காக ஒரு கூட்டம் கூட்டியது. கடைசியில் வீடு என்று முடிவானது: தனியாள், ஊரில் நிரந்தரமாக இருப்பவர்.

ஆனால் எண் இன்னும் இறங்கவில்லை. இப்போது தொட்டியிலிருந்து இறங்குவது இரண்டு லட்சத்து இருபதாயிரம். கணக்கில் வராதது பதினெட்டாயிரம். நூற்றுக்கு எட்டு. ஐந்துக்குக் கீழே வர வேண்டும். அவள் ஊருக்குப் போக மூன்று நாள்.

அன்று மத்தியானம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். தேநீர் வேண்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். ஒரே ஒரு கோப்பை என்றேன். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றாள். கெட்டில் ஏற்கெனவே சூடாக இருக்கிறது என்றேன். அப்படியானால் கொஞ்சம் என்றாள். முறை பிசகவில்லை, எனக்குப் பெருமையாக இருந்தது.

"உங்க வீட்டு மீட்டருக்கு முன்னாடி ஏதாவது குழாய் பிரியுதா?" என்று கேட்டாள்.

"சேச்சே," என்றேன். திராட்சை ரொட்டியை நகர்த்தி வைத்தேன்.

அவள் வெண்ணெய் தடவினாள். ஜன்னல் வழியாகக் கோழிக்கூட்டைப் பார்த்தாள். நல்ல வெயில். கூட்டுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூட்டுக்கு மின்கம்பி எதுவும் போகவில்லை.

"பழைய குழாய் ஏதாவது?"

"அப்படிப் பெருசா ஒண்ணும் இல்ல."

கரண்டியைக் கோப்பையின் ஓரத்தில் மெதுவாகத் தட்டினாள். குறிப்பேட்டைத் திறந்து, பெட்டிகள் வரைந்த பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள். முதல் இரண்டு பெட்டிகளில் இன்றைய தேதி இருந்தது.

"கோழிக்கூட்டுக்குத் தண்ணி போகுதா, கோல்மன்?"

நான் எழுந்து தொப்பியை எடுத்தேன்.

"வா, காட்டுறேன். சைக்கிள் சக்கரத்துல இருபத்துநாலு சூப் கரண்டி கட்டியிருக்கேன். தண்ணி பீச்சியடிச்சு அதுல விழும். சக்கரம் டைனமோவச் சுத்தும். ஆனா ஒண்ணு, எப்படி வேலை செய்யுதுன்னு முழுசா கேட்டுட்டுத்தான் மூடணும்."

நின்கே பேனா மூடியைக் கழற்றினாள்.

சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கரண்டியின் குழிவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் மட்டும் அவள் நாலு கேள்வி கேட்டாள், நாலும் நல்ல கேள்விகள். பிறகு வால்வை நானே மூடினேன். ஒரு நாளைக்கு எட்டாயிரம் லிட்டர். நூற்றுக்கு நாலே முக்கால்.

அன்றிலிருந்து என் கோழிகள் வெளிச்சம் போனதும் தூங்குகின்றன.