செவ்வாய்க்கிழமை வாசல்

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு பழைய வீட்டின் முகப்பை மட்டும் விட்டுவைத்து, பின்னால் எட்டு ஃபிளாட் கட்டியிருந்தார்கள். தெருவாசல் ஒன்றுதான். அதில் கோலம் போட, அங்கே குடியிருக்கும் ஏழு சொந்தக்காரர்களுக்கும் ஆளுக்கொரு நாள். எட்டாவதில் வாடகைக்கு வந்த பானுப்பிரியாவுக்கு நாள் இல்லை. சொந்த ஊரான சிக்கலில், வாசலில் கோலமிடாமல் அவளுக்கு விடிந்ததே கிடையாது. சங்கச் செயலாளரம்மாவிடம் கேட்டாள்.

“ஒங்க ஃபிளாட்டுக் கதவு இருக்குல்ல, அங்கன போடுங்க.”

இரண்டாம் மாடி ஷெரின் பாம்பன்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். செவ்வாய்க்கிழமை அவள் முறை.

“ஏ பானு, எனக்குப் புள்ளி வைக்கவே வராது. என் நாள்ல நீ போட்டுரு.”

செவ்வாய் காலை ஷெரினும் பானுவும் வாசலில் இருக்கும்போது செயலாளரம்மா வந்து கோலத்தைப் பார்த்தாள்.

“ஷெரினு, ஒன் கைக்குத் தங்க வளையல் போடணும்டி!”

ஷெரின் வாயைத் திறக்குமுன் பானு அவள் கையை அழுத்தினாள். அடுத்த வாரம் எத்தனை புள்ளி வைக்கலாம் என்று யோசித்தபடியே மாடியேறினாள்.