பன்னிரண்டு இழுப்பு

வாழைத்தோட்டத்து மருத்துவ அறைக்கு வெளியே, பலகையில், ஃபாஸ்தோ காலை ஏழு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தான். இடது பாதம் வழக்கம்போல மரத்துக் கிடந்தது. கிள்ளிப் பார்த்தான். யாருடைய காலையோ கிள்ளியது போலிருந்தது.

மச்சாலா நகரத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வெட்டிய வாழைத்தார்களைத் தலைக்கு மேலே ஓடும் இரும்புக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். முன்னால் ஒருவன் இடுப்பில் பட்டை மாட்டிக்கொண்டு பழத்தைப் பெட்டியில் அடைக்கும் கொட்டகை வரை இழுக்க வேண்டும். நடைக்கு இருபத்தைந்து தார். பதினெட்டு வருஷம் இழுத்த ஃபாஸ்தோவுக்கு மூன்று மாதத்துக்கு முன் முதுகு பிடித்துக்கொண்டது. இன்றைக்குச் சோதனை: டாக்டர் முன்னால் யந்திரத்துக் கயிற்றைப் பன்னிரண்டு முறை இழுத்துக் காட்ட வேண்டும். முதுகு தேறவில்லை என்று எழுதினால் கொட்டகையில் பழத்துக்குச் சீட்டு ஒட்டும் வேலை. தேறிவிட்டது என்றால் மறுபடியும் பட்டை.

ஊருக்கே இது தெரியும். யோசனைக்குப் பஞ்சமா?

"எட்டாவது இழுப்புல ஐயோன்னு கத்திட்டுக் கைப்பிடிய விட்டுரு மாப்ளே," என்று பக்கத்து வீட்டு விசென்ட்டே நடித்தே காட்டியிருந்தான். அவன் அப்படித்தான் சீட்டு ஒட்டப் போனான் என்று பேச்சு. யாராவது பார்த்தால் மட்டும் நொண்டுவான்.

மனைவி நார்சிசா அந்தக் கொட்டகையில்தான் பழம் கழுவுகிறாள். புறப்படும்போது அவளும் சொல்லி அனுப்பினாள். "உன்ன யாராவது ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லிட்டா தலைகால் புரியாது உனக்கு. வாய மூடிக்கிட்டு முனகு."

"வாய மூடிக்கிட்டு எப்படிடி முனகுறது?"

"மூக்கால முனகு."

உள்ளே கூப்பிட்டார்கள். வாரம் இரண்டு நாள் நகரத்திலிருந்து வந்து முதுகுவலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் யேசேனியா கயிற்று யந்திரத்தின் பக்கத்தில் நின்றாள். "வாங்க, தோன் ஃபாஸ்தோ," என்றாள். மேஸ்திரிக்கு அவன் வெறும் எழுபத்திரண்டாம் நம்பர். மரியாதையாகக் கூப்பிட அந்தத் தோட்டத்தில் இவள் ஒருத்திதான். டாக்டர் காகிதத்திலிருந்து தலை நிமிரவில்லை.

ஃபாஸ்தோ உட்கார்ந்து இரு கால்களையும் பலகையில் ஊன்றினான். முழங்காலை லேசாக மடக்கினான். முதுகை நிமிர்த்தி, தோளை இறக்கி, முழங்கை விலாவை ஒட்டிப் போக, கைப்பிடியைத் தொப்புள்வரை இழுத்தான். ஒரு மூச்சு நிறுத்தி, வெடுக்கென்று விடாமல், மெல்லத் திரும்ப விட்டான். இடுப்பு ஆடவில்லை. ஏழு முடிந்தது. எட்டாவதில் வாயைக்கூடத் திறந்துவிட்டான்.

"பாருங்க டாக்டர், தோள்பட்டை ரெண்டும் எப்படிச் சேருதுன்னு! இவ்ளோ சுத்தமா இங்க யாருமே செஞ்சதில்ல," என்றாள் யேசேனியா.

வாய் மூடிக்கொண்டது. ஒன்பது. பத்து. பன்னிரண்டாவதில், "அப்படியே இருங்க, ஒரு போட்டோ," என்றாள். நெஞ்சை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தான்.

"முதுகு நல்லாத்தான் இருக்கு," என்றார் டாக்டர். "இத்தனை வருஷமும் தப்பா இழுத்திருக்கீங்க, அதான் வலி. இதே மாதிரி நேரா இழுங்க. திங்கக்கிழமை வேலைக்கு வந்துருங்க."

"இடது கால் மரத்துப் போகுது டாக்டர்."

"நடந்தா சரியாயிடும்."

வீட்டில் நார்சிசா திட்டவில்லை. "எத்தனை?" என்று கேட்டாள். "பன்னெண்டு," என்றான். பட்டையைத் தேடி எடுத்துத் துடைத்து ஆணியில் மாட்டினாள்.

திங்கட்கிழமை அவன் யேசேனியா சொல்லிக்கொடுத்தபடியே முயன்று பார்த்தான். சேற்றில் கால் ஊன்றப் பலகை இல்லை. முதுகை நேராக வைத்து, தோளை இறக்கி, மெல்ல இழுத்தான். இருபத்தைந்து தாரில் ஒன்றுகூட அசையவில்லை.

"எழுபத்திரண்டு! என்னடா, கல்யாண போட்டோவுக்கா நிக்கிற? குனிஞ்சு இழு!" என்று மேஸ்திரி கத்தினான்.

குனிந்தான். தார்கள் நகர்ந்தன.

கொட்டகை வாசலில் புதிதாக ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. 'சரியாக இழுப்போம், முதுகைக் காப்போம்' என்ற எழுத்துக்குக் கீழே ஃபாஸ்தோ நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். நார்சிசா ஈரக் கையோடு அதைப் பார்த்தாள். பிறகு அதற்கடியில் வந்துகொண்டிருந்தவனைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் விழுந்திருக்கு," என்றாள்.

"எது?" என்றான். கண்ணுக்கு எட்டியது சேறும் பூட்சும்தான். நிமிர்ந்தால் தார்கள் நின்றுவிடும். அவன் கடந்து போனான். பின்னாலேயே, படத்தை உரசிக்கொண்டு, தார்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.