நூற்று நாற்பத்தோராம் அட்டை

அந்த ஞாயிற்றுக்கிழமை மஸாப்னி வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள் ஆறு பேர்: வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் பெரியவரான ரிஸ்கல்லா மஸாப்னி, அவருடைய தங்கை ஓல்கா டீச்சர், ரிஸ்கல்லாவின் மகன் மித்ரியின் பிள்ளைகள் ஹாலாவும் ஜுர்ஜியும், பக்கத்து வீட்டு நதா, எதிர் வீட்டு ரூலா ஷல்ஹூப். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் பாப் தூமா வட்டாரத்தில் நிறையப் பேர் உண்டு. அவர்கள் இருக்கவில்லை.

ஆறு நாளில் பள்ளிக்கூடம் திறக்கவிருந்தது. மக்தூஸ் ஊறுகாய் போடுவதற்காகக் குட்டிக் கத்தரிக்காய் வேகும் வாசனை சந்து முழுக்க நிறைந்திருந்தது. புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு முடித்ததும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பக்க அடையாளம் செய்வது ஓல்காவின் வழக்கம். அதற்காகக் கடையில் காகிதம் வாங்க மாட்டாள். தறிக்கூடத்து ஜன்னலடியில் ஒரு கூடை உண்டு. ஓட்டை குத்தும்போது பிசகிப்போன ஜக்கார்டு அட்டைகளை அதில் போடுவார்கள். இடுப்புப் பட்டை நெய்கிற சின்னத் தறியின் அட்டைகள் அவை. ஒரு சாண் நீளம், மூன்று விரல் அகலம், நல்ல விறைப்பு. கோத்துக் கட்டுவதற்காக இரண்டு முனையிலும் பெரிய ஓட்டை இருக்கும். அதில் மிச்சப் பட்டு நூலைக் குஞ்சமாகக் கட்டிவிட்டால் பக்க அடையாளம் தயார்.

"அத்தைப் பாட்டி, நடுவுல இருக்கற இந்தப் பொடி ஓட்டையெல்லாம் என்ன பண்றது?" என்றாள் ஹாலா.

"ஓட்டைய ஒண்ணும் பண்ண முடியாது. அதைச் சுத்தி என்ன பண்ணலாம்னு பாருங்க."

பிள்ளைகள் கலர் பென்சிலைக் கடித்தபடி அட்டைகளை இப்படியும் அப்படியும் திருப்பினார்கள். ஜுர்ஜி ஓட்டைகளை ஜன்னலாக்கிப் பச்சை பஸ் ஒன்று வரைந்தான். நதா மலையை வரைந்தாள். சாயங்காலம் காசியூன் மலைமேல் ஒவ்வொன்றாக விளக்கு ஏற்றுவார்களே, அந்த விளக்குகளெல்லாம் அவளுக்கு ஓட்டைகள்.

"டேய், உன் பஸ்ஸுக்கு சக்கரமே காணோம்," என்றாள் நதா.

"உன் மலைய தாண்டறப்ப பஞ்சராயிடுச்சு. கழட்டி வெச்சிருக்கேன்."

ரூலா மட்டும் இன்னும் வரையத் தொடங்கவில்லை. அட்டையை முகத்துக்கு நேரே பிடித்து, ஓட்டைகள் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்த பிறகுதான் பென்சிலைத் தொட்டாள்.

நாற்காலியின் முதுகில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ரிஸ்கல்லா, செய்தித்தாளுக்கு மேலாக மூன்று தடவை பார்த்தார். ஐம்பது வருடமாக அட்டை படித்தவர் அவர். ஓட்டை இருந்தால் நூல் எழும், இல்லாவிட்டால் படுக்கும். அவர் கண்ணில் அதற்கு மேல் ஒன்றும் பட்டதில்லை. இந்தக் குழந்தைகளுக்கு அதில் பஸ் எப்படித் தெரிகிறது என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை. மற்றவர்களுக்கு முன்னால் தெரியாததைக் கேட்பது அவர் பழக்கமல்ல.

திங்கட்கிழமை காலை நெசவாளி ஷாஹீன் அவர் முன் வந்து நின்றான்.

"முதலாளி, அந்தப் பன்னெண்டு அட்டை எங்க? கோக்கணும்ல."

மஸாப்னி வீட்டு இணைப்பறவை டிசைனுக்கு முந்நூற்றுப் பதினாறு அட்டைகள். தறியில் ஓடி ஓடி ஓட்டை அகன்றுபோன அட்டையைப் பார்த்துப் புதிது குத்துவார்கள். குத்தியதும் பழையதை வீட்டுப் பெரியவர் தம் கையாலேயே அடுப்பில் போட வேண்டும். பறவையின் ஓர் அட்டைகூட அந்த வாசலைத் தாண்டியதில்லை. வரைபடம் என்று ஒன்று கிடையாது. இருந்த ஒன்றையும் ரிஸ்கல்லாவின் தகப்பனார் எரித்துவிட்டார். சனிக்கிழமை பன்னிரண்டு அட்டைகளைப் புதிதாகக் குத்திவிட்டுப் பழையவற்றை ரிஸ்கல்லா முறைப்படி எரித்திருந்தார். வியாழக்கிழமை ஸஹ்லே ஊரிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் மாமன் வந்து பட்டையை வாங்கிப் போவதாக ஏற்பாடு.

"கதவோரக் கூடையில வெச்சேன்."

"கதவோரக் கூடையில பூனை முடிதான் இருக்கு."

ரிஸ்கல்லா நேரே தங்கையிடம் போனார்.

"ஓல்கா, என் கூடைல கை வெச்சியா?"

"நான் எப்பவும் எடுக்கற ஜன்னல் கூடையிலதான் எடுத்தேன் அண்ணா. மேலயே புதுசா பன்னெண்டு இருந்துச்சு. இந்த வருஷம் நல்லா சுத்தமா பிசகியிருக்குன்னு நெனச்சேன்."

"சுத்தமா பிசகுமா?"

"அத உங்க கண்ணாடிகிட்ட கேளுங்க. நாலு மாசமா டப்பாவ விட்டு வெளிய வராம இருக்கே, அதுகிட்ட."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். சனிக்கிழமை அடுப்படியிலிருந்து திரும்பி வந்ததும், கையிலிருந்த புது அட்டைகளைக் குனிந்து வைத்ததும் ஞாபகம் வந்தது. வைத்த இடத்தில் வெயில் விழுந்திருந்தது. கதவோரத்தில் வெயில் விழாது.

"கூடை மாறிப்போச்சு," என்றார். யார் மாற்றியது என்று சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள் பதினொன்று கிடைத்தன. ஹாலாவும் ஜுர்ஜியும் ஆறைக் கொடுத்தார்கள். நதா தன் மூன்றுக்கும் ஒரு பொட்டலம் சர்க்கரை பாதாம் கேட்டு வாங்கிக்கொண்டாள். ரூலா செய்த மூன்றில் இரண்டை ஹாலாவுக்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பச்சை பஸ்ஸையும் மலையையும் விலக்கி மூலையில் பென்சிலால் எழுதிய எண்களைத் தேடி ஷாஹீன் அடுக்கினான். நூற்று நாற்பத்தொன்று இல்லை. பறவையின் வால் தொடங்குகிற வரிசை அது. முன்னும் பின்னும் உள்ள அட்டைகளைப் பார்த்து ரிஸ்கல்லா ஊகத்தில் ஒன்றைக் குத்தினார். ஷாஹீன் அதைக் கோத்து நெய்து பார்த்தான்.

"யாரோ வாலப் புடிச்சு இழுத்த மாதிரி இருக்கு முதலாளி."

"தெரியுது."

"தாத்தா, நான் ஓடிப்போய் ரூலாகிட்ட வாங்கிட்டு வரட்டா?" என்றாள் ஹாலா.

"வேண்டாம். மஸாப்னி வீட்டுப் பொருள மஸாப்னிதான் கேக்கணும்."

ரூலாவின் தாத்தா, எதிர் வீட்டு ஃபாரிஸ் ஷல்ஹூபும் பட்டு நெய்கிறவர்தான். அந்த வாசற்படியை ரிஸ்கல்லா மிதித்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு கண்காட்சியில் ஷல்ஹூப் துணியை மஸாப்னி துணிக்கு ஒரு முழம் மேலே தொங்கவிட்டிருந்தார்கள். காரணமாக அதைச் சொன்னால் போதும்.

மாலை நாலு மணிக்குக் கோட்டுப் பொத்தான்களையெல்லாம் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார். ஃபாரிஸ் எழுந்து நின்று வரவேற்றார். காபி வந்தது. ரிஸ்கல்லா கோப்பையை வாங்கித் தமக்கு முன்னால் மேஜைமேல் வைத்தார், குடிக்கவில்லை. பெண்ணோ வேறெதுவோ கேட்க வந்தவன் கேட்டது கிடைக்கும்வரை குடிக்க மாட்டான். அதைப் பார்த்ததும் ஃபாரிஸின் புருவம் உயர்ந்தது. உள்ளே பெண்களின் பேச்சு சட்டென்று நின்றது.

"சொல்லுங்க அபு மித்ரி," என்றார் மரியாதையாக, மித்ரியின் அப்பா என்று. " எங்க வீட்ல கல்யாணத்துக்கு இருக்கற பொண்ணுக்கு ஒம்பது வயசு. உங்க வீட்ல பையனுக்கு ஏழு. கொஞ்சம் சீக்கிரம்தான்."

"நான் பொண்ணு கேக்க வரல. ஒரு அட்டை. உங்க பேத்தி நேத்து எங்க வீட்ல கலர் அடிச்சது. அது பிசகின அட்டையில்ல. கூடை…" அவர் கோட்டுப் பொத்தானைத் திருகினார். "கூடைய நான் மாத்தி வெச்சுட்டேன்."

ஃபாரிஸ் சிரிக்கவில்லை. அதற்காக ரிஸ்கல்லா பிற்பாடும் அவரை மதித்தார்.

"அவ்வளவுதானே, தந்தாச்சு. குடிங்க. ரூலா! அந்த அட்டைய எடுத்துட்டு வாம்மா."

ரூலா வாசிப்புப் புத்தகத்தோடு வந்தாள். புத்தகத்தின் தலைக்கு மேலே நீலக் குஞ்சம் தெரிந்தது. அட்டையை வெளியே இழுத்துக் காட்டினாள். நீளமான ஒரு நீல மீன். ஒவ்வோர் ஓட்டையும் ஒரு செதில். ஓட்டைகள் நெருங்கும் இடத்தில் வயிறு பருத்திருந்தது, அவை விலகும் இடத்தில் வால் பிரிந்தது. மேலே தனியாக நின்ற ஓர் ஓட்டை கண்.

"இது என் மீன். தர மாட்டேன்."

"ரூலா!"

"நான் வரையல தாத்தா. அது உள்ளயே இருந்துச்சு. நான் கண்டுபுடிச்சேன்."

ஃபாரிஸ் கையை விரித்தார். "அபு மித்ரி, வீடு என்னுது. மீன் என்னுதில்ல. நீங்களே பேசிக்குங்க."

ரிஸ்கல்லா அட்டையையே பார்த்தார். அதே வரிசையை அவர் ஆயிரம் தடவை நெய்திருப்பார். இப்போது அதில் வால் தொடக்கத்தைத் தேடினால் மீன்தான் வந்து நிற்கிறது.

"உனக்கு வேற அட்டை குத்தித் தரேன்."

"இதே ஓட்டை இருக்கணும்."

"…இருக்கும்."

"எல்லாமே? அப்பத்தான் மீன் வரும்."

"நாளைக்கு நாலு மணிக்கு."

ரூலா யோசித்தாள். "ஒரு நிமிஷம்," என்று உள்ளே ஓடினாள். சற்று நேரம் கழித்து வந்து அட்டையைக் கொடுத்தாள். காபி மேஜையிலேயே ஆறிக்கிடந்தது. நாளைக்கு வேறு போடச் சொல்வதாக ஃபாரிஸ் சொன்னார்.

அன்றிரவே கண்ணாடியை டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு ரிஸ்கல்லா ஓட்டை குத்தும் உளியின் முன் உட்கார்ந்தார். நீல மீனைப் பார்த்துத் தறிக்கு உரிய அட்டையை முதலில் குத்தினார். பிறகு சிறுமிக்கு உரியதை எடுத்து வைத்தார். தகப்பனாரும் அவருக்குத் தகப்பனாரும் எரித்து எரித்துக் காத்தது இது. அதைத் தன் கையாலேயே குத்தி ஷல்ஹூப் வீட்டுக்கு அனுப்புவதா? மூன்றே மூன்று ஓட்டைகளை ஓர் இடம் தள்ளிக் குத்தினார். மீன் மீனாகத்தான் இருக்கும், பறவைக்கு மட்டும் உதவாது. நீல மீனை எரிப்பதற்காக அடுப்படிக்குக் கொண்டுபோனார். நின்றார். விளக்கு வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாகத் தனியாக நின்ற அந்த ஓட்டை எந்த நூலுக்காக என்று நினைத்துப் பார்க்க முயன்றார், மீனைத் தாண்டி மனம் போகவில்லை. காலையில் எரித்துக்கொள்ளலாம் என்று கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டார். காலையில் எரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் புதுக் காபி வந்தது. அவர் கோப்பையை மறுபடியும் மேஜைமேல் வைத்தார். புது அட்டையை ரூலாவிடம் நீட்டினார். அவள் நன்றி சொல்லிவிட்டுத் தன் நோட்டைத் திறந்தாள். கடைசிப் பக்கத்தில் பென்சில் புள்ளிகள். மீனைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வோர் ஓட்டைக்குள்ளும் பென்சிலை விட்டுக் குத்திவைத்திருந்தாள். அட்டையை அதன் மேல் வைத்து, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தாள்.

"இங்க ஒண்ணு சரியில்ல," என்றாள். "இங்க. இதோ, இங்கயும். வயித்துல மூணு செதில் தள்ளியிருக்கு."

"கை நடுங்கியிருக்கும்மா. தாத்தாவுக்கு வயசாச்சுல்ல," என்றார் ஃபாரிஸ். ஆனால் அவருடைய பார்வை ரிஸ்கல்லாமேல்தான் இருந்தது. நெய்கிறவனுக்குக் கை நடுங்கினால் ஒன்று பிசகும். மூன்று ஒரே அளவாகப் பிசகாது. அது அந்த அறையில் இருவருக்கும் தெரியும்.

தப்பித்துப்போக ஃபாரிஸ் வாசலைத் திறந்துதான் வைத்தார். ரிஸ்கல்லா அதன் வழியாகப் போகவில்லை.

"கை நடுங்கல," என்றார். "வேணும்னே தள்ளிக் குத்தினேன். ஓட்டை ஒண்ணுபோல இருக்கும்னு இந்தப் பொண்ணுகிட்ட வாக்குக் கொடுத்துட்டு மாத்திட்டேன். மஸாப்னி வீட்ல அப்படிச் செய்யறதில்ல. நான் செஞ்சுட்டேன்."

ரூலாவுக்கு முழுதாகப் புரியவில்லை. "ஏன் தாத்தா?"

"இந்த ஓட்டைங்கள உங்க தாத்தா பாத்துடுவாரோன்னு."

"அவரு நேத்தே பாத்துட்டாரே. மீன் அழகாயிருக்குன்னாரு."

ரிஸ்கல்லா கோட்டின் உள்பையிலிருந்து நீல மீனை எடுத்தார். குஞ்சம் கசங்கியிருந்தது. விரலால் நீவிவிட்டு அவள் கையில் கொடுத்தார்.

"இத வெச்சுக்க. எங்களுக்கு வேற ஒண்ணு குத்தியாச்சு."

ஃபாரிஸ் கையை நீட்டி, பென்சில் புள்ளிகள் இருந்த நோட்டைத் தாமே மூடினார். "காபி," என்று மட்டும் சொன்னார். ரிஸ்கல்லா கோப்பையை எடுத்துக் கடைசி மடக்குவரை குடித்தார். கண்காட்சி பற்றி இருவரும் பேசவில்லை.

போகும்போது வாசலில் நின்று ரூலாவிடம் கேட்டார்: "அது மீன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"வானத்துல வெச்சுப் பாத்தேன்."

வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் கூடையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து முற்றத்தின் நடுவே நின்றார். தலையை அண்ணாந்து, அட்டையை வானத்துக்கு எதிரே பிடித்தார். ஓல்கா பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஸஹ்லேக்காரர் வியாழக்கிழமை வந்து பட்டையைப் பிரித்து வாலைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்தியாக எடுத்துப் போனார்.

ரிஸ்கல்லா மஸாப்னி எதிரியின் வீட்டில் இரண்டு நாள் காபி குடிக்காமல் உட்கார்ந்து கெஞ்சினார் என்றும், கடைசியில் இணைப்பறவை டிசைனையே ஷல்ஹூபுக்குக் கொடுத்துவிட்டு வந்தார் என்றும், அதனால்தான் மறுவருடம் ஷல்ஹூப் துணியில் பறவை வந்தது என்றும் பாப் தூமாவில் சொல்கிறார்கள். அவர் கெஞ்சவில்லை, கேட்டார். இரண்டாம் நாள் காபியைக் குடித்தார். கொடுத்தது முந்நூற்றுப் பதினாறில் ஓர் அட்டை. அது மூன்றாம் வகுப்பு வாசிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. ஷல்ஹூப் துணியில் இருப்பது மயில். அது அவர்கள் வீட்டில் நாற்பது வருடமாக இருக்கிறது.